ஏழா, நூற்றெண்பதா

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாணம். என்னோடு வேலை பார்த்தவர் வீட்டு விசேஷம் என்பதால் பழைய அலுவலகத்து ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்தபோது, இப்போது அங்கே வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்காகக் கல்யாணத்தை நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டுகிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது.

"மேடம், என் போன்ல தாமதம் பன்னெண்டுதான் காட்டுது. இவன் இருநூறுங்கான். ஒரே வைஃபை, ஒரே மண்டபம். யாரு சொல்லுதது சரி?"

"ரெண்டுமே சரியா இருக்கலாம்ப்பா."

இருவருக்கும் அந்தப் பதில் பிடிக்கவில்லை. சண்டையில் ஒருவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தார்கள். பிறகு ஒருவன் கேட்டான். "அந்த ஆஸ்பத்திரி கேஸ் மாதிரியா மேடம்? ஆபீஸ்ல எல்லாரும் சொல்லுதாங்க. என்ன நடந்துச்சுன்னு முழுசா யாருக்கும் தெரியல."

சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பாயசம் வரும்போது கதை பாதியில்தான் இருந்தது. மீதியைக் கேட்க அவர்களுக்கும் நேரமில்லை. போன் வந்து ஓடிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், தாமதம் என்று நாங்கள் எதைச் சொல்வோம் என்று சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்திலிருந்து ஒரு சின்னத் தகவலை மதுரைக்கு அனுப்புகிறோம். அது போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வர ஆகிற நேரம்தான் தாமதம். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு மில்லிசெகண்ட். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு ஏழு எட்டு துண்டு ஆனால் லைன் ஆரோக்கியமாக இருக்கிறது. நூற்றைம்பதைத் தாண்டினால் வீடியோவில் பேசுகிறவர் இடற ஆரம்பிப்பார். அதற்கும் மேலே போனால் முகம் உறைந்துபோய் வாய் மட்டும் பிறகு அசையும்.

நான் பிறந்தது வ. புதுப்பட்டி. அப்பாவுக்கு விவசாயம், சித்தப்பாமார் இரண்டு பேரும் ராணுவம். எனக்கு இரண்டும் வாய்க்காது என்று தெரிந்ததும் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார்கள். படிப்பு முடிந்து ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மின்பிரிவில் வேலை. அங்கே இருந்த ஒரே பெண் நான். மோட்டார் எரிந்தால் முகர்ந்து பார்த்தே எந்த வயர் என்று சொல்லப் பழகினேன். ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், "கிரேஸ்தான் பொறுமையா பாப்பா" என்று அந்த அறைக்கு அனுப்பினார்கள். அங்கே சில வருடங்கள். பிறகு ஊருக்குள் இணைய இணைப்பு கொடுக்க ஒரு நிறுவனம் வந்தது. அதில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். என் தொழில் கல்வி இவ்வளவுதான். மற்றதெல்லாம் வெங்கட்ராஜா சாரிடம் வேலை பார்த்ததில் வந்தது.

சார் எங்கள் ராஜபாளையம் அலுவலகத்துக்குத் தலைவர். வெள்ளைச் சட்டை, கையை முழங்கை வரை மடித்திருப்பார். போனில் வீட்டோடு பேசும்போது தெலுங்கு, எங்களிடம் தமிழ். எதற்கும் அவர் வாயில் முதலில் வருவது "சரே," தெலுங்கில் சரி. அந்த ஒரு சொல்லை வைத்தே அவர் ஒத்துக்கொள்கிறாரா, சந்தேகப்படுகிறாரா, வேலையைப் பாருங்கள் என்கிறாரா என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது ஏதாவது சொல்லும்போது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். சொல்கிறவர் சொல்வதில் அவருக்குச் சந்தேகம் வந்தால் பேனா மூடியைப் போட்டுவிடுவார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். அதைக் கேட்டு வேர்த்த என்ஜினீயர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு அய்யனார் கோவில் போகிற வழியில் ஒரு மாந்தோப்பு உண்டு. சீசன் வந்தால் சப்பட்டை மாம்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். தகவல்களை வழி பார்த்து அனுப்பும் ரவுட்டர் பெட்டிகள் இருக்கும் குளிரூட்டிய அறைதான் பழம் வைக்க நல்ல இடம் என்பது அவர் கட்சி. அந்த இரண்டு மாதமும் எங்கள் நெட்வொர்க்கே மாம்பழ வாசனை அடிக்கும்.

அவர் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றிருந்தது. "ஸ்லோ." யாராவது "சார், லைன் ஸ்லோவா இருக்காம்" என்று சொன்னால் பேனா மூடி விழுந்துவிடும். பிறகு மூன்று கேள்வி வரும். "எங்க இருந்து பாத்தீங்க? எது வரைக்கும் பாத்தீங்க? எதை அனுப்பிப் பாத்தீங்க?" இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண்ணை அவர் எண்ணாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்.

முதலில் எனக்கு அது முசுட்டுத்தனமாகத்தான் தெரிந்தது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒரு முதலாளி, இணைப்பு சரியில்லை என்று தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று முறை ஆள் அனுப்பினோம். எங்கள் கருவி ஐந்து என்றது. அவர் போன் தொண்ணூறு என்றது. அவர் எங்களைத் திருடர்கள் என்றார். நாங்கள் அவர் போனைக் குப்பை என்றோம். நாலாவது முறை சாரே வந்தார். வந்தவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்க எங்க உக்காந்து பாத்தீங்க?"

முதலாளி உள்ளறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு இரும்பு பீரோக்களுக்குப் பின்னால் அவருடைய நாற்காலி. வைஃபை பெட்டி வெளி அறையில். எங்கள் ஆட்கள் மூன்று முறையும் வெளி அறையிலேயே பெட்டியில் கேபிளைச் சொருகிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"பீரோவ செத்த நகட்டலாமா?" என்று கேட்டார் சார்.

"வாஸ்து பாத்து வச்சதுங்க. நகட்டப்பிடாது."

"சரே," என்றார். பெட்டியை நகர்த்தினோம். அன்றிலிருந்து நானும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன். வீட்டில்கூட, "சாப்பாடு லேட்டு" என்று என் கணவர் சொன்னால் எங்கே இருந்து பார்த்தீர்கள் என்று கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது.

இப்போது ஆஸ்பத்திரி விஷயம்.

ராஜபாளையத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி எங்கள் வாடிக்கையாளர். பக்கவாதம் வந்தவர்களை உடனே கவனிக்க அவர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். மூளை நரம்பு டாக்டர் ஊரில் இல்லை, மதுரையில் இருந்தார். நோயாளியை இங்கே ஸ்கேன் எடுப்பார்கள். மதுரையிலிருந்து டாக்டரம்மா வீடியோவில் வந்து, சிரிக்கச் சொல்வார், பேசச் சொல்வார், இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொல்வார். வாய் கோணுகிறதா, எந்தக் கை இறங்குகிறது என்று பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாமா என்று முடிவு சொல்வார். அந்த ஊசியைச் சீக்கிரம் போட்டால்தான் பலன். தேவையில்லாதவருக்குப் போட்டால் ஆபத்து. அதனால் பார்க்காமல் போடச் சொல்ல மாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் அந்த வீடியோ மக்கர் பண்ண ஆரம்பித்தது. சில நாள் கண்ணாடி மாதிரி இருக்கும். சில நாள் உறைந்து நிற்கும். அங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்தவர் அமலன். கெட்டிக்காரர், சின்ன வயது, எதையும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் புகார் செய்யும்போதெல்லாம் நாங்கள் எங்கள் கண்காணிப்புத் திரையைப் பார்ப்போம். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மதுரைக்குப் பிங் அனுப்பிப் பார்க்கும். பிங் என்பது சின்னத் தட்டல். "இருக்கியா" என்று கேட்டால் "இருக்கேன்" என்று திரும்பி வரும். திரையில் எப்போது பார்த்தாலும் ஏழு. பச்சை விளக்கு. "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்று நானே அமலனிடம் சொல்லியிருக்கிறேன்.

அப்படி இருக்கும்போது ஒரு மதியம், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் கூட்டிவந்தார். "அவிய காலைல நல்லாத்தான் இருந்தாக. இப்ப தண்ணி செம்பு கைய விட்டு நழுவிருச்சு, பேச்சும் கொழறுது" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். ஸ்கேன் எடுத்தாயிற்று. மதுரையில் டாக்டரம்மா வந்துவிட்டார். கையைத் தூக்கச் சொன்னார். படம் நின்றுவிட்டது.

"தூக்கிட்டாரா? எறக்குறாரா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று டாக்டரம்மாவின் குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. இணைப்பை வெட்டிவிட்டு மறுபடியும் போட்டார்கள், அப்போதும் உறைந்தது. கடைசியில் ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கே அனுப்பினார்கள். அங்கே ஊசி போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, நடக்கவும் செய்தார். இடது கை விரல்கள் மட்டும் பழையபடி மடங்கவில்லை. இங்கேயே போட்டிருந்தால் மடங்கியிருக்குமா என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடுதான் அந்த வீட்டார் இனி இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியை நடத்திய சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். கோபமே இல்லாத குரல். "கிரேஸ், இந்த லைனை நம்பி இனிமே நாங்க யாரையும் இங்க வச்சிருக்க மாட்டோம். எல்லாரையும் மதுரைக்கே அனுப்பிருவோம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர்கள் வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை வரவழைத்துச் சோதனை செய்தார்கள். அவர் ட்ரேஸ்ரூட் என்ற கருவியை ஓட்டினார். தகவல் போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு நிலையத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொன்றும் பதில் தர எவ்வளவு நேரமாகிறது என்று வரிசையாகக் காட்டுவது அது. ராஜபாளையம் இரண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் இருநூறு. மதுரை எட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் வரியைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பிவிட்டார். மதுரையிலிருந்த எங்கள் மேலதிகாரிக்கு அது போதுமானதாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்தைப் பார்ப்பவர் மாடசாமி. ஒப்பந்தத் தொழிலாளி. ஆளை மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு மாடி அறைதான் அந்த நிலையம். நான் அங்கே போனேன். மாடசாமி ரவுட்டருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு மேஜை விசிறிகளை ஓடவிட்டு, நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி இது?"

"சூடாயிருக்கும்லக்கா. அதான் பதில் சொல்ல சொணங்குதோன்னு." முகம் வாடியிருந்தது. "நான் அந்தப் பெட்டியத் தொடக்கூட இல்லக்கா. கூட்டுதேன், தொடைக்கேன், கரண்டு போனா ஜெனரேட்டரப் போடுதேன். இதுல நான் எங்கக்கா எரநூற ஒளிச்சு வச்சேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அந்த அறிக்கையில் இருந்த கோளாறு எனக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் உண்மையிலேயே இருநூறு ஆனால், அதைத் தாண்டித்தானே மதுரை? மதுரை எப்படி எட்டில் பதில் தரும்?

"பஸ் ஸ்டாண்டுல போலீஸ்காரர் நிக்காருல்லா," என்று அவருக்குச் சொன்னேன். "வண்டிகளக் கையக் காட்டி உடனே அனுப்பிக்கிட்டே இருப்பாரு. நீங்க போயி, சார் மணி என்னன்னு கேட்டா? கையில இருக்கற வண்டியெல்லாம் அனுப்பிட்டு, பொறவுதான் வாட்சப் பாப்பாரு. அவரு உங்களுக்கு மெதுவாப் பதில் சொன்னாருன்னா வண்டிக நிக்குதுன்னு அர்த்தமா? இந்தப் பெட்டியும் அப்படித்தான். அதுக்கு மத்தவங்க தகவல அனுப்பறதுதான் வேல. தன்னக் கூப்பிட்டா சாவகாசமாத்தான் பதில் சொல்லும்."

"அப்ப எம்மேல தப்பில்லன்னு அவியகிட்ட சொல்லிருவியளாக்கா?"

"சொல்லுதேன். ஆனா தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சாத்தான் நம்புவாங்க."

விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். அவர் ஒன்றை மட்டும் நிறுத்தினார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, சாரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலைப்பக்கம் மேகம் கறுத்துத் தூறிக்கொண்டிருந்தது. அமலனின் அறையில் அமலனும் நானும் ஒரே மேஜையில், ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இருந்து வந்த இரண்டு கேபிள்களில் ஆளுக்கொரு லேப்டாப்பைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தோம். சார் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில்.

போலீஸ்காரர் கதையை அமலனிடமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அது சரி மேடம். நடுவுல இருக்கறது பொய் சொல்லலாம். ஆனா எனக்குக் கடைசி வரியே ஏறுதே. பாருங்க."

அவர் மதுரை டாக்டரம்மாவின் கம்ப்யூட்டர் வரை ட்ரேஸ்ரூட் ஓட்டினார். கடைசி வரி, அதாவது மதுரையே, ஒரு தட்டலுக்கு ஏழு என்றது, அடுத்ததற்கு நூற்றெண்பது என்றது, பிறகு ஏழு. நான் அதே இடத்துக்கு என் லேப்டாப்பில் ஓட்டினேன். ஏழு. ஏழு. ஏழு. பத்து முறை ஓட்டினாலும் ஏழு.

"உங்க லேப்டாப் பழசு மேடம்," என்றார் அமலன்.

"உங்களது ரொம்பப் புதுசு," என்றேன்.

கேபிளை மாற்றிச் சொருகினோம். என்னுடையது அதே ஏழு, அவருடையது அதே குதியல். மேஜையில் இரண்டு பக்கமும் குரல் கொஞ்சம் ஏற ஆரம்பித்தது. அப்போது பின்னாலிருந்து பேனா மூடி போடும் சத்தம் கேட்டது.

"எங்க இருந்துங்கறது ரெண்டு பேருக்கும் ஒண்ணு. எது வரைக்கும்ங்கறதும் ஒண்ணு," என்றார் சார். "ரெண்டு பேரும் எதை அனுப்புதீங்க?"

"ட்ரேஸ்ரூட்தான் சார், ரெண்டு பேரும்."

"பேரு ஒண்ணு. உள்ள போறது ஒண்ணானு பாருங்க."

பார்த்தோம். அமலனுடைய லேப்டாப்பில் இருந்த இயங்குதளம் வேறு, என்னுடையது வேறு. என்னுடைய கருவி அனுப்பியது பிங் மாதிரியான தட்டல். அவருடைய கருவி அனுப்பியது வேறு வகைத் தகவல். போர்ட் எண் போட்டு அனுப்புகிற வகை. ஒரு முகவரியில் பல கதவுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்குமே, அதுதான் போர்ட். அவருடைய கருவி ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு புதுக் கதவு எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது.

அமலன்தான் முதலில் நிமிர்ந்தார். "மேடம், ஒரே கதவையே திரும்பத் திரும்பத் தட்டினா?"

தட்டினோம். ஒரு எண்ணுக்கு எப்போதும் ஏழு. அடுத்த எண்ணுக்கு எப்போதும் நூற்றெண்பது, இருநூறு. முந்தைய எண்ணுக்குத் திரும்பினால் மறுபடி ஏழு. குதியலே இல்லை.  

"ரெண்டு ரோடு இருக்கு," என்றேன்.

ஒரு ரவுட்டருக்கு ஒரே ஊருக்குப் போக இரண்டு வழிகள் கொடுத்து, இரண்டும் சமம் என்று சொல்லிவிட்டால், அது தகவல்களைப் பிரித்துவிடும். பிரிப்பதற்கு அது முகவரியையும் கதவு எண்ணையும்தான் பார்க்கும். பிங்குக்குக் கதவு எண் கிடையாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே வழியில்தான் போகும். எங்கள் கண்காணிப்புத் திரையின் தட்டல்கள் அத்தனையும் நல்ல வழியிலேயே போய்ப் போய் ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தன. வீடியோ அப்படியில்லை. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் புதுக் கதவு எண். நல்ல வழி விழுந்தால் கண்ணாடி. கெட்ட வழி விழுந்தால் உறைதல்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த நர்ஸிடம் கேட்டேன், "வீடியோ நின்னா என்ன பண்ணுவீங்க?"

"வெட்டிட்டு மறுபடியும் போடுவோம் மேடம். அதுலயும் விழலன்னா இன்னொருக்கா. பெரும்பாலும் மூணுக்குள்ள விழுந்துரும்."

அந்த ஹவில்தாருக்கு அன்று விழவில்லை.

அடுத்தது, அந்தக் கெட்ட வழி எது என்று பார்க்க வேண்டும். அங்கிருந்தே ஸ்ரீவில்லிபுத்தூர் ரவுட்டருக்குள் நுழைந்தேன். மதுரைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கிருஷ்ணன்கோவில் வழியாக ரோட்டோரம் போகும் ஃபைபர். இன்னொன்று, பிளவக்கல் பக்கம் ஒரு கோபுரத்தைத் தொட்டுச் சுற்றிப் போகும் பழைய ரேடியோ இணைப்பு. வத்திராயிருப்பு, புதுப்பட்டி வாடிக்கையாளர்கள் அதில்தான் இருந்தார்கள். அது குறுகலான வழி. மலையில் மழை பெய்தால் ரேடியோ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது தகவல்கள் வரிசை கட்டி நிற்கும். பிளவக்கல்லில் மழை என்றால் ராஜபாளையத்தில் டாக்டரம்மா உறைந்துபோவார். இரண்டு வழிகளுக்கும் ரவுட்டர் ஒரே மதிப்புதான் போட்டிருந்தது.

"சார், மதுரைக்கு ரேடியோ வழியும் இன்னும் தெறந்திருக்கு. அதுவும் ஃபைபருக்குச் சமமா."

 திரும்பிப் பார்த்தேன். சார் பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டிருந்தார்.

"ரோடு அகலப்படுத்தும்போது ஜேசிபி ஃபைபர அறுத்துச்சுல்ல," என்றார். "நீங்க லீவுல இருந்தீங்க. நான் ரோட்டோரத்துல நின்னு மதுரைக்குப் போன் போட்டேன். ரேடியோ வழியையும் தெறந்துவிடுங்க, இருக்கறதோட சமமாப் போடுங்க, ஃபைபர் ஒட்டினதும் எடுத்துக்கிடலாம்னு. ஃபைபர ஒட்டினோம். எடுக்கச் சொல்லல."

அமலன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.  சாருக்கு மதுரையில் ஒரு பெரிய பொறுப்பு வரப்போகிறது என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. நான் மெல்லச் சொன்னேன். "ரவுட்டர்ல ஒரு வரிதான் சார். இப்பவே மாத்திருதேன். 'சரி செய்யப்பட்டது'ன்னு போட்டா போதும். யாரும் கேக்க மாட்டாங்க."

"அப்ப மாடசாமி?" என்று கேட்டார் சார்.

பிறகு, "வரிய மாத்துங்க," என்றார். ரேடியோவை, ஃபைபர் போனால் மட்டும் எடுத்துக்கொள்ளும் இரண்டாவது வழியாக மாற்றினேன். அமலன் ட்ரேஸ்ரூட்டை ஓட்டினார். எந்தக் கதவைத் தட்டினாலும் ஏழு. நூறு கதவுகள் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டார். அவர் சொன்ன பிறகுதான் சிஸ்டர் மறுபடியும் அந்த லைனை நம்ப ஒத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து மலையில் நல்ல மழை. அமலன் போன் செய்தார். ஒரு பள்ளி வேன் ஓட்டுநருக்கு வாய் கோணிக்கொண்டு வந்திருக்கிறது. "மேடம், மொத தடவையே விழுந்துச்சு. அம்புட்டுத் தெளிவு. அவரு கையில மோதிரம் இறுக்கமா இருக்கு, வீங்குறதுக்கு முன்ன கழட்டுங்கன்னு டாக்டரம்மா அங்க இருந்து சொல்லுதாங்க." ஊசியை இங்கேயே போட்டார்கள். அந்த ஓட்டுநரைப் பிறகு நான் ரோட்டில் வேனோடு பார்த்தேன். கிட்டப் போய்ப் பேசவில்லை; பேச என்ன இருக்கிறது. அவர் வலது பக்கம் திரும்பக் கையை வெளியே நீட்டிக் காட்டினார். போதும் என்று வந்துவிட்டேன்.

இதெல்லாம் வேலையில் நடக்கக்கூடியதுதான். எனக்கு மறக்காதது வேறு. ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்த இரண்டொரு நாளில் மதுரையில் கூட்டம், சாரோடு நானும் போயிருந்தேன். மேலதிகாரி, "ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையப் பிரச்சனை, தீர்க்கப்பட்டது, ஆள் மாற்றம்" என்று முடிக்கப் பார்த்தார். சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"நிலையத்துல பிரச்சன இல்ல. மாடசாமி மேல தப்பு ஒண்ணும் இல்ல. நான் குடுத்த உத்தரவு. திரும்ப எடுக்கச் சொல்லாதது நான். என் பேருல எழுதிக்கிடுங்க."

 "இத இப்படித்தான் எழுதணுமா?" என்று மேலதிகாரி கேட்டார். "சரே," என்றார் சார். அது வேலையைப் பாருங்கள் என்கிற சரே என்று எனக்கு மட்டும்தான் புரிந்தது. மதுரைப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

திரும்பி வரும்போது ஜீப் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும், "ஸ்ரீவில்லிபுத்தூர்ல செத்த நேரம் நிறுத்தச் சொல்லுங்க," என்றார்.

தேரடியில் இறங்கினோம். அந்த மாடிப்படி செங்குத்தானது. பிடிக்கக் கம்பி கிடையாது. சாருக்கு மூட்டுவலி. ஒவ்வொரு படிக்கும் சுவரில் கையை ஊன்றி ஊன்றி ஏறினார். நான் பின்னால் போனேன். அறை வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். மாடசாமி எழுந்து கைலியை இறக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அந்த அறைக்கு அவ்வளவு பெரிய அதிகாரி யாரும் அதுவரை வந்ததில்லை.

"மாடசாமி, ஒரு உத்தரவக் குடுத்துட்டு மறந்தவன் நான். கெட்ட பேரு உங்களுக்கு வந்துருச்சு. தப்பு என்னுது. மதுரையில சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்லா."

மாடசாமி என்னைப் பார்த்தார், சாரின் முழங்காலைப் பார்த்தார்.

"சார், கீழ நின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா நானே எறங்கி வந்திருப்பேனே சார்."

"இதுக்கு நான்தான் ஏறி வரணும்," என்றார் சார்.